ஆதிவாசி மக்களும் முடக்குவாதமும்: தாமதம் யாருடைய குற்றம்?

(மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைமூட்டு வலியைப் பற்றி அரசியல் வகுப்பில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்விக்கு இந்த ஊரின் வரலாறே விடை சொல்கிறது. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சாப்பா முறைக்கு எதிரான போராட்டம் அது. வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசி எறிவான். முட்டி மோதி அதைக் கைப்பற்றியவனுக்கு மட்டுமே அன்றைய வேலை. சைது, செய்தலவி, ஆன்டணி ஆகிய மூவரின் உயிரைப் பலிகொண்ட போராட்டத்தின் மையத்தில் இருந்தது அந்த வில்லை. அதைப் பற்றிப் பிடிக்க மடங்கும் விரல்கள் வேண்டும். விரல் மடங்காதவன் உழைப்புச் சந்தைக்கு வெளியே தள்ளப்பட்டான்.

இந்த ஊர்ப் பண்டகசாலைகளில் ஏற்றி இறக்கப்பட்ட மிளகு மூட்டைகளில் ஒரு பகுதி வயநாட்டு மலையிலிருந்து வந்தது. மூட்டை தூக்கியவர்களின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. கொடியில் ஏறி மிளகைப் பறித்த பணியர், அடியர், குறுமர் கைகளின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. ‘பணி’ என்ற சொல்லிலிருந்தே பெயர் பெற்ற பணியர் சமூகம், வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுக் கணக்குப் பேசி நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக ஒப்படைக்கப்பட்ட காலம் மிகப் பழங்காலமன்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். உழைப்பு மட்டுமே உடைமையாக விடப்பட்ட அந்த மக்களின் விரல்கள் நோயால் முடங்கும்போது என்ன நடக்கிறது என்பதே இன்றைய பொருள்.

வாதம் என்னும் ஒரு சொல்

மொழிபெயர்ப்பு வேலையில் எனக்குப் பெருந்தொல்லை தந்த சொற்களுள் ஒன்று ‘வாதம்’. இளம்பிள்ளை வாதம் கிருமியால் வருவது. பக்கவாதம் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது. மூட்டுவாதக் காய்ச்சல் குழந்தைகளின் தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வைக் கெடுப்பது. முடக்குவாதம் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. முதுமையிலும் கடும் உழைப்பிலும் மூட்டு தேய்வதையும் வாதம் என்றே சொல்கிறோம். இவற்றுக்கிடையே காரணத்தில் ஒற்றுமை இல்லை, மருத்துவத்திலும் இல்லை.

நம் முன்னோர் இவற்றைப் பிரித்தறிய முயலவில்லை என்பது இதன் பொருளன்று. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 ஆக வகுத்தது. ஆயுர்வேதத்தின் மாதவ நிதானம் ‘ஆமவாதம்’ என்பதைத் தனி நோயாகவே விவரித்தது. மலையாளத்தில் இன்றும் முடக்குவாதத்துக்கு அதுவே பெயர். ஆனால் சந்தையில் பொட்டலம் விற்பவருக்கு 80 வகை தேவையில்லை, ஒரே ‘வாதம்’ போதும். பெயர் எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ, அவ்வளவு பரந்தது அவரது சந்தை.

நோயின் இயல்பு

முடக்குவாதம் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், உழைக்கும் பருவத்திலேயே தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல் அடிமூட்டுகள் ஆகியவை இரு பக்கமும் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் கைகள் மரத்துப்போனதுபோல் இறுகிக் கிடக்கும். அந்த இறுக்கம் அரைமணி, ஒருமணி நேரமானாலும் தளராது. தேய்மான வலி உழைத்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். முடக்குவாத வலி ஓய்வுக்குப் பின்னரே கடுமையாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே நம் கிளைத் தோழர் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு உதவ முடியும். இங்கு வேளியில் உள்ள தோபிக்கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரில் ஊறிய கை வலிப்பது தொழிலின் இயல்பு என்று விட்டுவிடும் வலிகளுள் எது தேய்மானம், எது முடக்குவாதம் என்று கேட்க வேண்டும்.

மூட்டின் உட்சவ்வு அழன்று தடித்து, எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அரிப்பில் கணிசமான பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பை எந்த மருந்தும் திரும்பக் கட்டித் தராது. ஆகவே முதல் மாதங்களில் தொடங்கும் மருத்துவமும் ஐந்தாண்டு கழித்துத் தொடங்கும் மருத்துவமும் ஒன்றாகா. முன்னதில் அந்தப் பெண் மீண்டும் கொழுந்து பறிப்பார்; பின்னதில் கோணிய விரல்களின் வலி மட்டும் குறையும்.

பொதுவாக உலகில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இந்நோய் காணப்படுகிறது. ஆனால் வட அமெரிக்கத் தொல்குடிகள் சிலரிடையே, குறிப்பாக அரிசோனாவின் பீமா மக்களிடமும் ஒஜிப்வே மக்களிடமும், நூற்றுக்கு ஐந்து என்ற அளவையும் அது எட்டியதாக ஆய்வுகள் பதிவு செய்தன. மரபணுக் கூறு அதில் உண்டு. புகையிலை நோயைத் தூண்டுகிறது, கடுமையாக்குகிறது என்பதும் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் நிலம் பறிக்கப்பட்டு ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்ட மக்கள் மருத்துவரை அடையும் காலம் மரபணுவில் எழுதப்பட்டதன்று. நம் நாட்டில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கெடுப்புகள் டெல்லியை அடுத்த வல்லப்கட், புணே மாவட்டத்தின் பிக்வான் போன்ற சமவெளிக் கிராமங்களில் நடந்தவை. மலைக் குடியிருப்புகளிலும் அத்தகைய கணக்கெடுப்பு வேண்டும் என்பது நம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

அரிவாள் நோயும் முடக்குவாதமும்

வயநாட்டிலும் நீலகிரியிலும் மூட்டுவலியோடு வரும் ஆதிவாசி நோயாளியிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் அரிவாள் செல் கூறு இருப்பதை வெளியிட்டனர். வயநாட்டு மக்கள் அதனை ‘அரிவாள் ரோகம்’ என்கிறார்கள். நம் கொடியிலுள்ள அரிவாள் கதிர் அறுப்பது. இது இரத்தக் குழாயை அடைப்பது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்கூற்றைப் பெற்ற குழந்தையின் சிவப்பணுக்கள், உயிர்வளி குறையும்போது அரிவாளாக வளைந்து நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. அப்போது எலும்பிலும் மூட்டிலும் தாங்கொணா வலி எழுகிறது. கைக்குழந்தைகளுக்கு விரல்களும் பாதங்களும் வீங்குகின்றன. இளைஞர்களுக்கு இடுப்பு மூட்டின் பந்து இரத்தமின்றி மடிந்துபோகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதுவும் வாதமே. ஆனால் இதற்கு வேண்டியது தண்ணீர், கதகதப்பு, முறையான வலி நிவாரணம், ஃபோலிக் அமிலம், தேவைப்படுவோருக்கு ஹைட்ராக்சியூரியா. முடக்குவாதமென்று தவறாகக் கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் வலி நெருக்கடியே திரும்பத் தாக்கக்கூடும். மறுபுறமும் ஆபத்து இருக்கிறது: ஆதிவாசியின் மூட்டு வலியெல்லாம் அரிவாள் நோய்தான் என்று முத்திரை குத்திவிட்டால், அவர்களிடையே உள்ள முடக்குவாத நோயாளி வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுவார். ஒரு மக்களினத்தின் பெயரையே நோயின் பெயராக எழுதிவிடுவது மருத்துவமாகாது.

ஒன்றிய அரசு 2023 ஜூலை 1 அன்று அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடிப் பேரைச் சோதிப்பதாகவும் 2047இல் நோயை ஒழிப்பதாகவும் அறிவித்தது. சோதனை நல்லதே. ஆனால் கையில் ஓர் அட்டையைத் தந்துவிட்டு, அடுத்த மாத மாத்திரைக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டால், அது வெறும் கணக்கெடுப்பாக முடியும்.

மருந்துகள் வந்த வழி

முடக்குவாத மருந்துகளின் வரலாறு ஆதிவாசி மக்களுக்கும் நமக்கும் அந்நியமானதன்று. இந்நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரையின் மூதாதை குயினைன். குயினைனின் தாய் சிங்கோனா மரப்பட்டை. ஆண்டீஸ் மலைத் தொல்குடிகளின் நிலத்திலிருந்து ஐரோப்பியர் எடுத்துச் சென்ற அந்த மரத்தை, 1860களில் பிரிட்டிஷ் அரசு நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களுள் சிறைக்கைதிகளும் இருந்தனர். ஒரு மலையின் மரத்தை இன்னொரு மலைக்குக் கொண்டுவந்த பேரரசு, இரு மலைகளின் மக்களுக்கும் அதில் பங்கு தரவில்லை.

இன்று முடக்குவாத மருத்துவத்தின் அச்சாணி மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றில் ஒரு சென்னை மாணவர் இருக்கிறார். 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் கற்பித்தவர். அமெரிக்கா சென்று லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் சேர்மங்களை 1940களில் உருவாக்கியது. புற்றுநோய்க்கென்று பிறந்த அம்மருந்து, சிறிய அளவில், வாரம் ஒரே முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது என்பது பின்னர் உறுதியாகி, 1988இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இன்று அது நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலையும் எட்டக்கூடியது.

விலை மிகுந்த உயிரியல் மருந்துகளின் கதை வேறு. 2005ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்போது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் போராடிச் சேர்த்த பாதுகாப்புகள் இல்லாவிடில், மருந்து நிறுவனங்களின் ஏகபோகம் இன்னும் இறுகியிருக்கும். ஆனால் அந்த ஊசிகள் தேவைப்படாத கட்டத்திலேயே பெரும்பாலான நோயாளிகளைக் காப்பாற்ற மலிவான மருந்துகளால் முடியும் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி ஸ்டீராய்டு. 1948இல் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முறையாகக் கார்டிசோன் செலுத்தினார். நடக்க இயலாதிருந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. விரைவிலேயே அதன் மறுமுகம் தெரிந்தது: முகம் வீங்கும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்றுகள் பெருகும். மருத்துவர் அளவறிந்து, குறுகிய காலத்துக்குத் தரும்போது அது பயன்மிக்கது. ஆனால் ‘மூலிகைப் பொடி’ என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் வாணிபம் நாடெங்கும் நடக்கிறது. மூன்றாம் நாளே வலி பறந்துவிடும். விற்றவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கும். உள்ளே மூட்டரிப்பு தொடரும். பொட்டலம் தீர்ந்து திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் இல்லாத ஊரில் இந்தப் பொட்டலமே மருத்துவராகிறது.

பச்சிலையும் உரிமையும்

அப்படியானால் மலைமக்களின் பச்சிலை மருத்துவத்தைப் பழமை என்று தள்ளிவிடுவதா? கூடாது. முடக்கத்தை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று ஒரு கொடிக்குப் பெயரிட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாக நோயைக் கூர்ந்து கவனித்தவர்கள். நொச்சி இலை ஒத்தடமும் வாதநாராயணன் தழையும் வலியைத் தணித்த அனுபவம் பொய்யன்று. அவற்றின் சாற்றில் அழற்சியைக் குறைக்கும் கூறுகள் இருப்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. வலியைத் தணிப்பதும் எலும்பரிப்பைத் தடுப்பதும் வெவ்வேறு என்பதே நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஒத்தடம் தொடரட்டும், கூடவே மாத்திரையும் சேரட்டும். ‘காட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு வா’ என்று விரட்டும் மருத்துவரிடம் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ‘ஆதிவாசிக்கு ஆங்கில மருத்துவம் எதற்கு, அவர்களிடம்தான் மூலிகை இருக்கிறதே’ என்று உருகுபவர், தம் வீட்டாருக்கு நோய் வந்தால் எர்ணாகுளத்துக்குக் காரில் செல்வார். இகழ்ச்சி, உருக்கம் இரண்டின் விளைவும் ஒன்றே: மருந்து மலையேறுவதில்லை.

மரியாதை என்றால் உரிமை. டச்சு ஆளுநர் வான் ரீடு கொச்சியிலிருந்து தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலை நினைவுகொள்ளுங்கள். ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் சொல்லச் சொல்ல, இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துகீசியத்தில் பெயர்த்தார். பின்னர் அது இலத்தீன் ஆயிற்று. அவர்தம் சான்றுரைகள் நூலில் அச்சாகியிருப்பதால் அப்பெயர்களாவது நமக்குத் தெரிகின்றன. காட்டுக்குள் செடியைத் தேடி எடுத்து வந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1987இல், அகத்தியமலைக் காணி மக்கள் களைப்பு நீங்க உண்ட ஆரோக்கியபச்சைக் கனியை அறிவியலாளர்கள் அறிந்தனர். பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’யை உருவாக்கி, 1995இல் 10 இலட்சம் ரூபாய்க்கு உற்பத்தி உரிமம் வழங்கியது, கிடைப்பதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அவர்களுக்கான அறக்கட்டளை 1997இல் அமைந்தது. உலகம் பாராட்டிய முன்னுதாரணம் அது. ஆயினும் அந்த இலையைச் சேகரிப்பதற்கு வனத்துறையே தடையாக நின்றது. அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் காட்டின் மீதான உரிமையைக் கொடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபறிவின் மீது சமூக உரிமையை ஏற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத் திருத்தமோ, ஏடுகளில் பதிவான மரபறிவைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்களித்தது. முடக்கறுத்தானும் நொச்சியும் புட்டியில் அடைக்கப்பட்டு நகரத்துக் கடைகளில் விற்கலாம். அவற்றைக் காத்து வந்தவருக்கு அதில் பங்கில்லை என்பதே இதன் பொருள்.

தாமதத்தின் மூன்று பூட்டுகள்

முதற்பூட்டு தொலைவு. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள் தொகையில் ஆதிவாசிகள் 1.5 விழுக்காடு, வயநாட்டிலோ 18.5 விழுக்காடு. அங்கிருந்து தாமரசேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிக் கோழிக்கோட்டை அடைய வேண்டிய நிலை பல தலைமுறைகளாக நீடித்தது. மானந்தவாடி மாவட்ட மருத்துவமனை 2021இல்தான் மருத்துவக் கல்லூரியாக உயர்த்தப்பட்டது. நீலகிரி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022இல். கட்டிடம் வந்துவிட்டது, மூட்டு நோய் வல்லுநரும் மாதாந்திர மருந்தும் அங்கிருந்து ஊர்களுக்குச் செல்ல வேண்டும். கேரளத்தின் சுகாதாரச் சாதனை குறித்து நாம் பெருமை கொள்வது நியாயம். 2013இல் அட்டப்பாடியில் மாண்ட பச்சிளங்குழந்தைகளை மறந்துவிட்டுப் பெருமை கொள்வது நியாயமன்று.

இரண்டாவது பூட்டு கூலி. இந்நோய்க்கான மருத்துவம் ஆண்டுக்கணக்கில் நீள்வது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்த அணுக்களையும் ஈரலையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். மாத்திரை இலவசம் என்று அரசு சொல்லலாம். மாத்திரையை அடையும் வழி இலவசமில்லை. தொழிற்சாலை உழைப்பு மனித உடலைக் கோணலாக்குவதை எங்கெல்ஸ் 1845இல் எழுதினார். இன்று கோணலை நிறுத்தும் மருந்து இருந்தும் கோணல் தொடர்கிறது. ஆகவே குற்றச்சாட்டு அன்றைவிடக் கடுமையாக வேண்டும்.

மூன்றாவது பூட்டு மொழி. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை செயலிழந்து உயிரே போகலாம். கருவுற்றவர்கள் உண்ணவே கூடாது. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான இந்தச் செய்தி, அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பணிய மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ பேசும் பெண்ணிடம், வரிசையில் நின்று களைத்த வேளையில், ஒரு சாளரத்தின் வழியே அது மலையாளத்திலோ தமிழிலோ வேகமாகச் சொல்லப்படுகிறது. ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று பிறகு அவர்மேல் பழி விழுகிறது. அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவே இல்லை என்பதுதான் உண்மை.

இம்மூன்று பூட்டுகளையும் திறக்க முடியும் என்பதற்குக் கூடலூரே சான்று. 1990 முதல் இயங்கிவரும் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகங்களின் இளம்பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாயினர். ஊர்தோறும் அச்சமூகத்தவரே சுகாதாரப் பணியாளர்கள். நோயாளி தன் மொழியில் தன் வலியைச் சொல்கிறார். அரிவாள் நோய்க்குத் தொடர் கவனிப்பும் அங்கே நடக்கிறது. தொண்டு நிறுவனம் ஒரு வட்டத்தில் செய்து காட்டியதை அரசு எல்லா மலை வட்டங்களிலும் தன் கடமையாகச் செய்ய வேண்டும் என்று கேட்பது நம் பொறுப்பு.

நம் கோரிக்கைகளும் வேலைகளும்

ஆதிவாசிப் பகுதிகளின் வட்ட மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறை மூட்டு நோய்ப் பிரிவு இயங்க வேண்டும். அரிவாள் செல் சோதனையும் முடக்குவாதச் சோதனைகளும் அங்கே ஒரே நாளில் நடக்க வேண்டும். தொடர் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அந்தப் பையில் முடக்குவாத மருந்துக்கும் இடம் வேண்டும். ஆதிவாசி சுகாதாரப் பணியாளர்கள் நிரந்தர ஊழியர்களாக்கப்பட வேண்டும். சோதனை நாளுக்குப் பயணப்படியும் கூலி இழப்பீடும் தரப்பட வேண்டும். வாதப் பொடிகளை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரியவர் அனைவருக்கும் சான்றிதழ் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கிளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் ஆறு வாரத்துக்கு மேல் விரல் கணுக்கள் வீங்கி, காலை இறுக்கத்தோடு இருப்பவர் யார்? வாதப் பொடி உண்பவர் யார்? மருத்துவர் எழுதித் தந்த மருந்தைப் பணமின்றி நிறுத்தியவர் யார்? நோயாளியின் ஒப்புதலோடு இவற்றை எழுதி எடுங்கள். பொடியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பொட்டலத்தோடேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை உண்ணும் கிழமையை, அவர் பேசும் மொழியில், அவரே திரும்பச் சொல்லும்வரை சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்தப் பட்டியல் மேசைமேல் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு மாவட்ட மருத்துவ அலுவலரைச் சந்திப்போம்.